நாய் மண்டோரின் பெரட்டு

கோலசிலாங்கூர் வட்டாரத்து நாய்கள் இரண்டுக்குத்தான் பயந்தன. ஒன்று, நகராண்மைக் கழகத்தின் நாய் பிடிக்கும் வேன். இன்னொன்று, நாய் மண்டோர். வேனாவது நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். நாய் மண்டோர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவரையும் நாயோடு சேர்த்து வரிசையில் நிறுத்திவிடுவார். அந்த வரிசையில் பல மாதம் நின்றவள் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்களுக்கே அது தெரிந்தது. அதை இங்கே எழுதினால் அவர் இருந்த புக்கிட் ரோத்தானில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. நாய் மண்டோர் என்றால் மீ கோரேங் கடைக்காரர்கூட வழி சொல்வார். இத்தனைக்கும் மனுஷன் ஒரு நாளும் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்ததில்லை. எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர், கடைசிக் காலத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க மண்டோர்கள் அவரை நிற்க வைத்துக் கத்தினார்கள். வேலையை விட்டதும் அவர் நாய்களை நிற்க வைத்துக் கத்த ஆரம்பித்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல, என் வீட்டுக்காரர் செத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். பயப்படாதீர்கள், அது சின்னக் கதைதான். அவர் செம்பனை ஆலையில் ஃபிட்டர். நாங்கள் இருப்பது ஈஜோக் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில். பிள்ளை இல்லை. ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கி வரச் சொல்லி ரவாங்குக்கு அனுப்பினேன். சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். கத்தரிக்காய் எங்கே என்று கேட்டால், இனிமேல் வீட்டில் இவன்தான் பாஸ் என்றார். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. அடுத்த வாரம் தொலைக்காட்சியில் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது செட் முடிவதற்குள் போய்விட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடும்போது கூப்பிட்டேன், பதில் இல்லை. குட்டி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படையல் போட்டோம். எங்கள் பக்கத்தில் படையல் என்றால் சோறும் பருப்பும் மட்டுமல்ல. செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் இலையில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது நாசி லெமாக், பொரித்த கோழித்தொடை, கருப்பு பீர். எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்தோம். செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அதுதான் முறை.

உள்ளே சத்தம் கேட்டது. இலை சரசரத்தது. கிண்ணம் உருண்டது.

என் நாத்தனார் சரோஜா அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வந்துட்டான். என் தம்பி வந்துட்டான்" என்று அழுதார். தாய் இல்லாத பையனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா அது. அவர் அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம். காரியம் செய்ய வந்த பண்டாரம்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்தால், கோழித்தொடை இல்லை, நாசி லெமாக் இல்லை, பீர்க் கிண்ணம் காலி. படத்துக்குக் கீழே பாஸ் வயிறு முட்டப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அன்று சரோஜா அக்கா பேசியதை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் போட மாட்டார். பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவர் ஊரில் அவருக்குத் தெரிந்தவரின் மீன் கொட்டகைக்குக் காவல் நாய் தேடுகிறார்களாம். அங்கே கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிடு என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தலையைத்தான் ஆட்ட முடிந்தது. வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்குக் குரல் எழும்பவில்லை. ஊமையாகிவிடவில்லை, ஆனால் கடையில் ரொட்டி கேட்டால் இரண்டு தரம் என்ன என்ன என்று கேட்டார்கள். அழுகையும் அப்படியே. அந்தப் பதினாறாம் நாள் அழுததுதான், அதற்கப்புறம் நின்றுவிட்டது.

கடைசியில் சரோஜா அக்காவே ஒரு வழி சொன்னார். "வருஷத் திதிக்கு வருவேன். என் கண்ணு முன்னால, கட்டாம, படையல் பக்கத்துல அது ஒக்காந்திருக்கணும். எலையில வாய வெச்சா, அப்புறம் ஒண்ணு அது, இல்ல நான். நீயே பாத்துக்க புள்ள."

திதியன்று மட்டும் வெளியே கட்டிப்போடலாமே என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் கட்டிப்போடலாம், அமாவாசைக்கு என்ன செய்வாள், தீபாவளிக்கு என்ன செய்வாள் என்று கேட்டார். நியாயம்தான். எனக்கோ, அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்தது அக்கா ஒருவர்தான். என் வீட்டுக்காரர் கடைசியாக வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த நாய். இரண்டில் எதை விடுவது? அப்படித்தான் நான் நாய்க்குப் பள்ளிக்கூடம் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ரவாங்கில் ஒரு வகுப்பு. கடைவீட்டின் மாடி, குளிர்சாதனம், சுவரெல்லாம் நாய்க்கால் படம். சொல்லிக்கொடுக்கும் பெண் நாயிடம் பேசிய அன்பில் பாதியை மனிதரிடம் காட்டினால் நாட்டில் பல குடும்பங்கள் பிரிந்திருக்காது. அங்கே எல்லாமே பிஸ்கட்டில் நடந்தது. உட்கார்ந்தால் பிஸ்கட், படுத்தால் பிஸ்கட், கை கொடுத்தால் பிஸ்கட். பாஸ் சீக்கிரமே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டது. வீட்டில் வாழையிலை போட்டு, ஒரு கோழித்துண்டை வைத்துச் சோதித்தேன். உட்கார்ந்தது, படுத்தது, இலைக்குக் கை கொடுத்தது. பிறகு கோழியைத் தின்றுவிட்டு இலையையும் தின்றது. சாப்பாட்டைத் தொடாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தொடாமல் இருந்தால் அதைவிடப் பெரிய பிஸ்கட் கொடுக்கலாம் என்றாள்.

அடுத்தது புஞ்சாக் ஆலாம் ஊரில். முறுக்கு மீசை வைத்த ஒருவர். வீட்டுக் காவலுக்கா, ஆளைப் பிடிக்கவா என்று கேட்டார். படையலுக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையில் மெத்தை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு பாஸின் முன்னால் ஆட்டினார், ஆத்திரம் வர வேண்டுமாம். பாஸ் அதில் தலையை வைத்துத் தூங்கப் பார்த்தது. அவர் மெத்தையைக் கழற்றிவிட்டு, இது நாயே இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

மூன்றாவதைச் சொன்னவன் சுரேன். ரவாங் வகுப்பில் என்னோடு இருந்த பையன், அலுவலக வேலை, இந்த வெயிலில் ஹஸ்கி என்ற பனிநாட்டு நாயை வளர்க்கிறவன். அவனுடைய ஹஸ்கி பிஸ்கட்டும் வாங்கவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை. "ஆன்ட்டி, புக்கிட் ரோத்தான்ல ஒரு அங்கிள் இருக்காரு. ஃப்ரீ லா. பிஸ்கட் எல்லாம் கெடையாது. ஆனா கத்துவாரு" என்றான். பிஸ்கட் கிடையாது என்ற ஒரு சொல்லுக்காகவே நான் கிளம்பினேன்.

தோட்டத்துப் பழைய திடல். விடிந்தும் விடியாத நேரம். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில், தலையில் தொப்பியோடு நாய் மண்டோர். எதிரில் பதினைந்து நாய்கள் போல வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர் அதைவிட விறைப்பாக நிற்கிறார். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது பெரட்டு என்று உடனே தெரியும். காலையில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. நாய் மண்டோர் ஒவ்வொரு நாயின் பேரையும் கூப்பிட்டார். கூப்பிட்ட நாய் ஒரு தரம் குரைக்க வேண்டும். இரண்டு தரம் குரைத்தால் வாயாடி. குரைக்காவிட்டால் ஆள் இல்லை, வீட்டுக்குப் போகலாம். ஒழுங்காக வேலை செய்த நாளுக்குக் கூலிக்கணக்கில் முழுப்பேர் விழும், பாதியில் திரும்பினால் அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கம். பெரட்டு கலையும்போது அவரும் ஒவ்வொரு நாய்க்கும் அப்படியே சொல்லி அனுப்புவார். கூலி என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அரைப்பேர் வாங்கிய நாயின் சொந்தக்காரர்கள் முகம் தொங்கிப்போய்க் காரில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கென்று ஒரு நாய் இருந்தது. ராணி என்று பெயர், கொழுத்த வெள்ளை நாய். அது ஒரு நாளும் பெரட்டில் நின்றதில்லை. அவர் உட்காரு என்றால் எழுந்துபோகும், வா என்றால் படுக்கும். யாராவது செருப்பைக் கழற்றிவைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு செம்பனைக்குள் ஓடிவிடும். அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். ராணி யாருடைய நாய் என்று யாராவது கேட்டால் தெரியாது என்பார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் மனிதர்களிடம் நேராகப் பேச மாட்டார். சொல்ல வேண்டியதை நாயிடம்தான் சொல்வார். கேட்க வேண்டியதையும் நாயிடம்தான் கேட்பார். முதல் நாள் என்னைப் பார்க்காமல் பாஸைப் பார்த்து, பேர் என்ன என்றார். பாஸ் என்றேன். மண்டோர் நடத்தும் பெரட்டில் பாஸ் என்று ஒரு நாயா, அப்புறம் நான் யார் என்று பாஸிடமே கேட்டார். அன்றிலிருந்து அதன் பேர் புது ஆளு.

"புது ஆளு, ஒங்கம்மா எதுக்கு ஒன்ன இங்க கூட்டிட்டு வந்தாங்க?"

படையல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. சுரேன்தான் இரைந்து எடுத்துச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். உட்காரச் சொல்லு என்றார். சொன்னேன். பாஸ் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே ஒரு மாதம் போயிற்று. அவர் கத்தினால் உட்காரும். நான் சொன்னால் யாரோ எங்கேயோ பேசுகிறார்கள் என்று இருக்கும். ஒங்கம்மாவுக்குக் குரல் எங்கே போயிற்று, காலையில் பசியாறவில்லையா, நேற்றுத் தூங்கவில்லையா என்று தினமும் பாஸிடம் விசாரணை. நானும் சளைக்காமல் பாஸிடமே, தொண்டை சரியில்லை என்று சொல்லு என்பேன்.

ஒரு நாள் அவர் குனிந்து அதன் முகத்துக்கு நேராகச் சொன்னார். "புது ஆளு, செத்துப்போனது ஒங்கப்பா. ஒங்கம்மா இல்ல. ஞாபகப்படுத்து."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நாயை இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் அவரை ஏசினேன். இப்படி ஒரு வார்த்தையை மனுஷன் சொல்வானா? ஒரு வாரம் போகவில்லை. பாஸ் விடியற்காலையில் எழுந்து, கழுத்துக் கயிற்றைக் கவ்விக்கொண்டு கதவடியில் நின்றது. நான் போர்த்திக்கொண்டு படுத்தேன். அது போர்வையை இழுத்தது. திதிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கும் வேறு பள்ளிக்கூடம் இல்லை. மானத்தை வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். அவர் புது ஆளு என்று கூப்பிட்டார், பாஸ் ஒரு தரம் குரைத்தது. அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் அவர் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். திதியன்று என்னென்ன நடக்குமோ அத்தனையும் திடலில் நடக்க வேண்டும் என்றார். வாழையிலை, நாசி லெமாக், கோழித்தொடை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். படத்துக்கு என்ன செய்வது என்று சுரேன் கேட்டான். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இலைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர்தான் படம்.

எங்களுக்குத் திக்கென்றது. உயிரோடு இருக்கிறவருக்கு எந்த ஊரிலாவது படையல் போடுவார்களா? சுரேன் படித்த பையன், அவனே பயந்துவிட்டான். "அங்கிள், இது பந்தாங் லா. உசுரோட இருக்கிறவங்களுக்கு எல போடக்கூடாது." பந்தாங் என்றால் ஆகாதது, செய்யக்கூடாதது. அவர் கண்ணைத் திறக்காமல் ஹஸ்கியிடம் பதில் சொன்னார், சாவு என்ன, இலை போட்டால்தான் வருமா என்று கேட்கச் சொல்லி.

முதல் ஒத்திகையில் பாஸ் நேராகப் போய்க் கோழித்தொடையைத் தூக்கியது. படம் கண்ணை மூடியபடியே, செத்தவனிடம் திருடுகிறாயா என்று கத்தியது. பாஸ் தொடையைப் போட்டுவிட்டு ஓடியது. ராணி வந்து எடுத்துக்கொண்டது. இரண்டாவது ஒத்திகையில் அன்றைக்கு அழுகை இருக்கும், நாய் அழுகைக்கும் பழக வேண்டும் என்றார். புது ஆளு, ஒங்கம்மாவை அழச் சொல்லு என்று உத்தரவு. எனக்கு அழ வரவில்லை. எவ்வளவோ முயன்றேன், விக்கல்தான் வந்தது. எனக்குப் பதிலாகச் சுரேன் அழுதான். அப்படி ஒரு அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. ஹஸ்கி சேர்ந்து ஊளையிட்டது, பிறகு எல்லா நாய்களும் ஊளையிட்டன, பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார். நடுவில் நாய் மண்டோர் சம்மணம் போட்டு அசையாமல் இருந்தார்.

ஒவ்வொரு தடவையும் ஒத்திகை முடிந்ததும் இலையை அவர் பக்கம் தள்ளி, சாப்பிடச் சொல் என்று பாஸிடம் சொல்வேன். சக்கரை வியாதி என்று சொல்லச் சொல்வார். இலையில் இருந்ததெல்லாம் ராணிக்குப் போகும். அவர் எதையாவது வாயில் போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. கடைசிக் கடைசி ஒத்திகைகளில் பாஸ் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எச்சில் ஒழுக ஒழுக, கோழியைத் தொடாமல் இருக்கப் பழகிவிட்டது. எல்லாம் அவர் குரலுக்குத்தான். நான் உட்காரு என்றால் இன்னும் வண்ணத்துப்பூச்சிதான்.

அப்போதுதான் பெரட்டு கெட ஆரம்பித்தது. நாய்கள் வரிசையை விட்டு வந்து அவருடைய இடது பூட்ஸை மோந்து பார்த்தன. ஒன்று வந்தால் அடுத்ததும் வந்தது. அவர் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று எல்லா நாய்க்கும் அரைப்பேர் போட்டார். மறுநாளும் அப்படியே. கால் என்னாச்சு என்று கேட்கச் சொல்லி, பாஸைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நான் கேட்டேன். செருப்பு கடித்தது என்று சொல்லச் சொன்னார். அவர் செருப்பே போடுவதில்லை என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அடுத்த திங்கட்கிழமை பெரட்டுக்கு நாங்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றோம். அவர் வரவில்லை. யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு நாயும் தன் முறைக்கு ஒரு தரம் குரைத்துவிட்டுச் சும்மா இருந்தது. பிறகு நாங்கள் அவர் வீட்டைத் தேடிப்போனோம். காய்ச்சலில் கிடந்தார். பூட்ஸைக் கழற்ற முடியாமல் சுரேன் கத்தரிக்கோலால் வெட்டினான். உள்ளே இருந்ததைப் பற்றி எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தால், தொப்பி இல்லாமல், விசில் இல்லாமல், யாரோ போல இருந்தார். பெரிய சங்கடம் என்னவென்றால் ஆஸ்பத்திரிக்குள் நாயை விட மாட்டார்கள். நாய் இல்லாமல் அவருக்குப் பேச வரவில்லை. என்னைப் பார்த்தார், மேலே மின்விசிறியைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். நானும் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிகிறது என்று தாதி வந்து சொன்னாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கைப்பேசியை எடுத்து, பாஸின் படத்தைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அவர் முகம் மாறியது. முதலில், பெரட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் வருகிறோம் என்றேன். ராணி சாப்பிடுகிறதா என்று கேட்டார். ராணியைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சுரேன் வீட்டில் ஹஸ்கியின் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறது என்றேன். பிறகு படத்திடம் சொன்னார்.

"புது ஆளு, அன்னிக்கு என்னால வர முடியாது. ஒங்கம்மாதான் கத்தணும். அவங்களுக்குக் கொரல் இருக்கு. எனக்குத் தெரியும்னு சொல்லு."

திதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. சுரேன் கொள்ளி வைத்தான். ஒத்திகையில் அப்படி அழுத பையன், அன்று ஒரு சொட்டு அழவில்லை. படையல் போட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். சக்கரைதான் காரணம், டாக்டரே சொன்னாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்குச் சொன்னேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் அந்த இலைக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த முகம்தான் எனக்கும் தெரிந்தது.

வருஷத் திதியன்று சரோஜா அக்கா காலையிலேயே வந்துவிட்டார். உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பண்டாரம், மணி, சாம்பிராணி. பாஸைக் கட்டாமல் கூடத்தில் விட்டேன். இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தோளை அழுத்தி உட்கார வைத்தேன், உட்கார்ந்தது. அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை, நாயைத்தான் பார்த்தார். சோறு வந்தது, பாஸ் அசையவில்லை. நாசி லெமாக் வந்தது, மூக்கு மட்டும் அசைந்தது. பீரை ஊற்றினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோழித்தொடையை வைக்க அக்காவே வந்தார். தம்பியின் படத்துக்கு முன்னால் குனிந்தார். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை, ஓவென்று அழுதார். தட்டு சாய்ந்தது. கோழித்தொடை உருண்டு நேராகப் பாஸின் காலடியில் போய் நின்றது.

பாஸ் எழுந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் காலை ஓங்கினார். பண்டாரம் மணியோடு பின்வாங்கினார். ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும், நாயும் போய்விடும், அக்காவும் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஒக்காரு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாஸ் உட்கார்ந்தது. அக்காவும் உட்கார்ந்தார், ஓங்கிய காலோடு, அப்படியே தரையில். பண்டாரம் மணியோடு உட்கார்ந்தார். வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த, சித்தப்பா முறை ஆகும் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். வீட்டில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

வெகு நேரம் யாரும் எழவில்லை. பாஸுக்கு முன்னால் கோழித்தொடை கிடந்தது. அது அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு வருஷத்துத் தண்ணீர். துடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

சரோஜா அக்கா மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டார். தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வருசமா போன்ல பேசினாகூட ஒன் கொரல் கேக்கல புள்ள. நீயும் அவன் பின்னாடியே போயிடுவியோன்னு பயந்துகிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "நாய் இருக்கட்டும்" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படிக் கத்த யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். பெரட்டைச் சொன்னேன், அரைப்பேரைச் சொன்னேன், ஒத்திகையைச் சொன்னேன். அக்கா நடுவில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு யார் படையல் போடுவார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அக்கா எழுந்து, இன்னொரு வாழையிலையைக் கொண்டுவந்து தம்பியின் இலைக்குப் பக்கத்தில் விரித்தார்.

"அவருக்கு என்ன புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதம் அவர் முன்னால் நின்றிருக்கிறேன், ஒரு தேத்தண்ணிகூட அவர் குடித்து நான் பார்த்ததில்லை. சுரேனுக்குப் போன் செய்தேன். அவனுக்கும் தெரியவில்லை. பெரட்டில் நின்ற எல்லாரிடமும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியவில்லை ஆன்ட்டி என்றான்.

சோறு, பருப்பு, நாசி லெமாக், வடை, பாயசம், கோழித்தொடை, கொஞ்சம் பீர், கறுப்புக் காப்பி, யாரோ தேடிக் கொண்டுவந்த ஒரு சுருட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்த இலையில் வைத்தோம். ஏதாவது ஒன்று அவருக்குப் பிடித்திருக்கும்.